கோடைப் பயிற்சியும் அம்பத்தூர்ப் பட்டறைகளும்

வருஷந்தோறும் சித்திரை பிறந்ததும் நமது நிர்வாகக் கலாசாலைகளில் ஒரு பரபரப்பு உண்டாகிறது. எம்.பி.ஏ. வகுப்பில் முதல் வருஷத்தை முடித்த மாணவர்கள், இரண்டாம் வருஷம் தொடங்குமுன், ஆறு முதல் எட்டு வாரம் வரை ஏதேனுமொரு தொழில் ஸ்தாபனத்தில் அமர்ந்து வேலை பழக வேண்டுமென்பது வழக்கம். இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் வழங்கும் இந்தக் கோடைப் பயிற்சியைப் பற்றித் தேசியப் பத்திரிகையொன்றின் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். மாணவர்களின் விடுமுறையைப் பற்றிய விஷயமாக மட்டும் இது இருந்திருக்குமானால் நாமும் எழுதப் புகுந்திருக்கமாட்டோம். சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில், நிர்வாகப் பட்டம் பெற்றும் தகுந்த வேலையின்றி இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றுத் திரியும் வாலிபர்கள் ஒரு புறம். கணக்கையும் கொள்முதலையும் வசூலையும் கவனிக்க ஆளில்லாமல் தவிக்கும் சிறு பட்டறைகள் மற்றொரு புறம். இவ்விரு கூட்டத்தாரும் அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் ஒன்றாகவே பிரயாணம் செய்கிறார்கள். ஆனால் ஒருவரையொருவர் அறியார். இவர்களை அறிமுகம் செய்துவைக்க இப்போதுள்ள வாசல் அந்த இரண்டு மாதந்தான். அந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறதே என்பதுதான் நமது கவலை.

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் காலை ஷிப்டு நேரத்தில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதே நமது குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் பிறகு என்ன கதி அடைந்தது என்ற விவாதத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அதையடுத்த பத்து வருஷத்துக்குள் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் தொழிற்சாலைப் புகை எழுந்ததை மட்டும் யாரும் மறுக்க முடியாது. 1949இலேயே தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் முன்னோடியாக நின்றது. 1960ஐ ஒட்டிய சில வருஷங்களில் பாடியில் வீல்ஸ் இந்தியாவும், லூகாஸ் டி.வி.எஸ்.ஸும், பிரேக்ஸ் இந்தியாவும் எழுந்தன. ஆவடியில் 1961இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஸ்ரீ ஆர். வெங்கட்ராமன் கைத்தொழில் மந்திரியாக இருந்த அந்தக் காலத்திலேதான், 1958இல் கிண்டிப் பேட்டையும், 1964இல் அம்பத்தூர்ப் பேட்டையும் பிறந்தன. ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு ஸ்தாபனங்களுக்கு இடந்தந்து, தெற்காசியாவிலேயே பெரிய சிறுதொழிற் பேட்டைகளில் ஒன்றென அது பெயர் பெற்றது.

அங்கே நடக்கும் தொழிலின் அமைப்பை அறிந்தால்தான் நாம் சொல்லப்போவது விளங்கும். பாடியிலோ, ஒரகடத்திலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள பெரிய கம்பெனி ஒரு வண்டியையோ, வண்டியின் பெரும் பாகத்தையோ செய்கிறது. அதற்கு வேண்டிய பின், புஷ், பிராக்கெட், பற்சக்கரம் முதலிய சில்லறை உறுப்புக்களை நடுத்தர ஸ்தாபனம் ஒன்று செய்துதர ஒப்புக்கொள்கிறது. அந்த ஸ்தாபனம் கடைசல், துளையிடல், முலாம் பூசல் என்று வேலையைப் பங்கிட்டு, ஜாப் ஒர்க் என்ற பெயரில் அம்பத்தூரிலும் திருமழிசையிலும் உள்ள சிறு பட்டறைகளுக்கு அனுப்புகிறது. நாலு லேத்தும் இரண்டு கம்ப்யூட்டர் எந்திரமும் பதினைந்து தொழிலாளரும் உள்ள பட்டறையில் முதலாளியே சூப்பர்வைசர், அவரே கொள்முதல் குமாஸ்தா, அவரே வசூலுக்கு நடப்பவர். அவருடைய மனைவியார் மாலையில் வந்து ரசீதுகளை அடுக்கி வைப்பதே கணக்கு இலாகா. ஆடிட்டர் மாதம் ஒருமுறை ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதற்காக எட்டிப்பார்ப்பார். இப்படிப்பட்ட பட்டறைகளே மின்வெட்டுக் காலத்தையும் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் தாங்கி நின்றவை. தாங்க முடியாமல் மூடியவையும் உண்டு. லேத் ஓடிய மனைகள் சிலவற்றில் இன்று கம்ப்யூட்டர்க் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. பட்டறை நடத்துவதைவிட இடத்தை வாடகைக்கு விடுவது லாபம் என்று ஒரு தொழிலதிபர் முடிவுகட்டும் நாள், அங்கே வேலை பழகிய பதினைந்து பேருக்கும் துர்த்தினம்.

இனி, கோடைப் பயிற்சி இப்போது நடக்கும் விதத்தைப் பார்ப்போம். இந்தியாவில் இந்தக் கல்வி முறைக்கு வழிகாட்டிய ஆமதாபாத், கல்கத்தா நிர்வாகக் கழகங்கள் இரண்டும் 1961இல் தோன்றியவை. அத்தகைய இடங்களில் பயிலும் சிலருக்குக் கோடைப் பயிற்சி என்பது பெருஞ்சம்பள உத்தியோகத்துக்கு முன்னோட்டம். இரண்டு மாதம் ஒழுங்காகக் கழித்தால் கையோடு வேலைக்கான கடிதம் வந்துவிடும். அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவர்களும் நம்முடைய யோசனையை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. நாம் பேசுவது பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும் ஆவடிச் சாலையிலும் வரிசையாக நிற்கும் கலாசாலைகளில், தகப்பனார் கடன்பட்டுக் கட்டிய சம்பளத்தில் படிக்கும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி. இவர்களில் ஒரு பகுதியார் பெரிய கம்பெனியின் பெயர் தாளில் விழவேண்டும் என்பதற்காக, மாமனுக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று சிபாரிசு தேடி உள்ளே நுழைகிறார்கள். நுழைந்தபின் அங்கே யாருக்கும் அவர்களிடம் கொடுக்க வேலையில்லை. குளிர்சாதன அறையின் ஓரத்தில் நாற்காலி ஒன்றைக் காட்டி, கம்பெனியின் வரலாற்றைப் படியுங்கள் என்று சொல்லி விடுகிறார்கள். மற்றொரு பகுதியாரைக் கடன் அட்டை விற்கவும் பாலிசி பிடிக்கவும் வெயிலில் விரட்டும் ஸ்தாபனங்கள் இருக்கின்றன. சம்பளமில்லாத விற்பனையாள் எட்டு வாரத்துக்குக் கிடைத்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்? மூன்றாவது வகையைப் பற்றி எழுதவே கூசுகிறது. பணம் கட்டினால் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழும், அச்சிட்டுத் தங்க எழுத்துப் பொறித்துக் கட்டிய அறிக்கையும் சேர்த்துத் தரும் கடைகள் பகிரங்கமாகவே நடக்கின்றன.

அந்த அறிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதேனுமொரு நூல்நிலைய அலமாரியில் அவற்றைப் புரட்டிப் பார்த்தால், தொழிலாளர் மனத்திருப்தி பற்றிய ஆராய்ச்சி, வாடிக்கைக்காரர் மனத்திருப்தி பற்றிய ஆராய்ச்சி என்று திருப்தியே நிறைந்து வழியும். நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்து, மிகவும் சம்மதம், சம்மதம், நடுநிலை என்ற கட்டங்களில் குறியிடச் செய்து, சதவீதம் போட்டு, வண்ணப் படம் வரைந்து, கம்பெனி தன் தொழிலாளருக்கு இன்னும் பயிற்சி அளிக்கலாம் என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். இந்த முடிவுக்கு வர எட்டு வாரம் எதற்கு? எட்டு நிமிஷம் போதுமே! அந்த நூறு பேரும் தோழர்கள் அறையில் உட்கார்ந்து தாமே குறியிட்ட நூறு தாள்கள் என்பதைப் பரீட்சகர் அறிவார். அவர் அறிவார் என்பதை மாணவரும் அறிவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இதுவோ ஏட்டில்கூடக் காய்க்காத சுரைக்காய்.

நாம் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: பெரிய பெயரைத் தேடி அலையாதீர்கள், சிறிய பட்டறைக்குப் போங்கள். இதைத் தியாகம் செய்யச் சொல்லும் உபதேசமாக யாரும் கொள்ள வேண்டாம். சுயலாபத்தை நாடியே சொல்கிறோம். பதினாயிரம் பேர் வேலை செய்யும் ஸ்தாபனத்தில் பயிற்சிக்குச் செல்பவர் ஒரு மேஜையின் ஒரு மூலையைப் பார்க்கிறார். பதினைந்து பேர் உள்ள பட்டறையிலோ, இரும்புக் கம்பி லாரியிலிருந்து இறங்குவது முதல், செய்த பொருளின் விலை பாங்கிக் கணக்கில் வந்து விழுவது வரையில், வியாபாரம் முழுவதையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். கொள்முதல், உற்பத்தி, தரப் பரிசோதனை, கணக்கு, வரி, கடன், தொழிலாளர் உறவு என்று பாடப் புஸ்தகத்தில் எட்டுத் தொகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பதெல்லாம் அங்கே ஒரே மனிதருடைய தலைக்குள் மோதிக்கொண்டிருக்கின்றன. அந்த மனிதர் எதிரிலேயே இருக்கிறார். காலையில் அவரோடு தேநீர் குடிக்கலாம். பெரிய கம்பெனியின் நிர்வாக டைரக்டரோடு தேநீர் குடிக்கும் பாக்கியம் எந்த மாணவருக்குக் கிட்டுகிறது?

படிக்கும் காலத்திலேயே மாணவரை வேலைக்களத்துக்கு அனுப்பவேண்டும் என்ற கொள்கை புதியதன்று. அமெரிக்காவில் ஸின்ஸினாட்டி சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 1906இல் 27 மாணவர்களைக் கொண்டு, வகுப்பும் தொழிற்சாலையும் மாறிமாறி வரும் முறையைத் தொடங்கினார். பிலானியில் உள்ள பிர்லா கழகம் 1973 முதல் இத்தகைய பயிற்சிக் கூடங்களை நடத்தி வருகிறது. ஆனால் நம்மவர் நெஞ்சில் நிற்கவேண்டிய உதாரணம் தஞ்சாவூரில் பிறந்த தமிழரான ஸ்ரீ ஜே.சி. குமரப்பா. லண்டனில் பயின்ற ஆடிட்டரான அவர், அமெரிக்காவில் ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வர்த்தக நிர்வாகமும், பிறகு கொலம்பியாவில் பொருளாதாரமும் கற்றவர்; இன்றைய பாஷையில் சொன்னால் அவரும் ஒரு நிர்வாகப் பட்டதாரியே. 1929ஆம் வருஷக் கடைசியில் அவர் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவுக்குப் போனார். கிராமம் கிராமமாக, வீடு வீடாக, ஒரு குடும்பத்தின் வரும்படி என்ன, செலவு என்ன, கடன் என்ன, நிலவரி என்ன என்று அந்த மாணவர்கள் எழுதி எடுத்தார்கள். 1931இல் புஸ்தகமாக வெளிவந்த அந்த விசாரணை, குடியானவன் ஏழையாக இருக்கிறான் என்ற பொதுப் புலம்பலைக் கணக்காக மாற்றிக் காட்டியது. மகாத்மாவின் இயக்கத்துக்கு அதனால் கிடைத்த பலம் சிறிதன்று. அந்த மாணவர்களிடம் மடிக்கணினி இல்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி எதுவென்பதைக் கற்றுத்தந்த ஆசிரியர் இருந்தார்.

அம்பத்தூர்ப் பட்டறையில் கேட்கவேண்டிய கேள்வி எது? பலவற்றைச் சொல்லலாம், நாம் ஒன்றையே வற்புறுத்துவோம். முடித்து அனுப்பிய வேலைக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது? சிறு தொழிலின் உயிர் இந்தக் கேள்வியில் தொங்குகிறது. உதாரணமாக, மாதம் 20 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்யும் பட்டறைக்குப் பணம் 90 நாள் கழித்து வருகிறதென்று வைத்துக்கொள்வோம். எந்நேரமும் 60 லட்சம் ரூபாய் பிறர் கையில் நிற்கிறது. அந்த 60 லட்சத்தைப் பாங்கியில் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு வாங்கி ஈடுசெய்தால், வருஷத்துக்கு 7,20,000 ரூபாய் வட்டி. பட்டறையின் லாபமே அவ்வளவு இராது. பணம் 45 நாளில் வந்தால் வட்டி பாதியாகும். மிச்சமாகும் 3,60,000 ரூபாயில் மேலும் ஒரு தொழிலாளிக்கு வருஷச் சம்பளம் கொடுக்கலாம். இந்தக் கணக்குக்கு உயர்ந்த கணிதம் ஒன்றும் வேண்டியதில்லை. ஆயினும் வாங்குபவர் வாரியாக, ரசீது வாரியாக, எத்தனை நாள் நிலுவை என்று இரண்டு வருஷத்துக்கு எழுதி வைத்திருக்கும் பட்டறைகள் மிகச் சிலவே. முதலாளிக்கு நேரமில்லை. மாணவரிடம் எட்டு வாரம் இருக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் சிறு தொழிலுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, வாங்கியவர் ஒப்பந்தத்தில் கண்ட தேதிக்குள் பணம் தரவேண்டும். அந்தத் தேதி சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளோடு தவணை முடிந்தது. தவறினால், ரிஸர்வ் பாங்கியின் வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். மாகாண சர்க்கார் அமைத்துள்ள மன்றத்தில் மனுச் செய்யலாம்; அங்கே கிடைத்த தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குபவர், தொகையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை முன்கூட்டியே கட்டியாகவேண்டும். நமது வக்கீல் அனுபவத்தில் இத்தனை கூர்மையான ஆயுதத்தை எளியவன் கையில் தந்த சட்டங்கள் அதிகமில்லை. போதாததற்கு, 2023ஆம் வருஷத்து நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தது: குறு, சிறு ஸ்தாபனங்களுக்குத் தவணைக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வருஷம் வரையில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது.

அப்படியிருந்தும் அந்த ஆயுதம் உறையிலேயே கிடக்கிறது. காரணம் வெளிப்படை. பெரிய வாடிக்கைக்காரர் மேல் மனுப் போட்டவருக்கு அடுத்த ஆர்டர் வராது. இந்த அச்சத்தை ஒரு மாணவர் வந்து போக்கிவிட முடியாது. போக்குவதாகச் சொல்லிப் போனால் வாசலிலேயே விடை கொடுத்துவிடுவார்கள். ஆனால் சண்டைக்குப் போகாமல் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. உத்யம் பதிவு செய்திருக்கிறாரா, சரக்கு அனுப்புவதற்கு முன்னரே செய்திருக்கிறாரா என்று பார்க்கலாம். பதிவுக்கு முந்திய சரக்குக்கு இந்தச் சட்டம் உதவாது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. 2025 ஜனவரியில் மற்றொரு அமர்வு அந்த அபிப்பிராயத்தில் ஐயங்கொண்டு பெரிய அமர்வுக்கு அனுப்பியது. கோர்ட்டார் வாதிக்கட்டும், பட்டறை முதலாளி இன்றே பதிவு செய்துகொள்வதே விவேகம். பதிவு எண்ணை ஒவ்வொரு ரசீதிலும் அச்சிடச் செய்யலாம். வேலை ஒப்பந்தம் வாய்ச்சொல்லாக இருந்தால், தவணை குறித்த ஒரு கடிதமாவது எழுதி வாங்கச் சொல்லலாம். ஒரு நிதி வருஷத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகள், ரசீதை வைத்துப் பாங்கிகளிடம் உடனே பணம் பெற உதவும் டிரெட்ஸ் மேடையில் சேரவேண்டுமென்று 2024 நவம்பரில் உத்தரவாகியிருக்கிறது. பட்டறையின் வாடிக்கைக்காரர்களில் யார் யார் அதில் சேர்ந்தவர்கள், அவர்கள் ரசீதை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறார்களா என்று விசாரித்து, முதலாளியை முதல் ரசீதை ஏற்றச் செய்தால், அந்த மாணவர் நூறு வினாத்தாளுக்கும் மேலான காரியத்தைச் செய்தவராவார். பெரிய கம்பெனிகள் தங்கள் வருஷாந்தரக் கணக்கில் சிறு தொழில்களுக்குத் தரவேண்டிய நிலுவையைத் தனியே காட்டவேண்டும் என்ற விதியும் உண்டு. அந்தக் கணக்கை வாசித்துப் புரிந்துகொள்ளத்தானே இவர்கள் ஒரு வருஷம் படித்தார்கள்?

வசூலுக்கு அடுத்தபடியாக எந்திரத்தின் பக்கமும் நிற்கவேண்டும். ஒரு வேலை முடிந்து மறு வேலைக்கு எந்திரத்தை மாற்றியமைக்க, பட்டறையில் செட்டிங் என்று சொல்கிறார்களே, அதற்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று கடிகாரத்தை வைத்துக் குறித்தவர் யார்? 1969இல் ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் ஷிகியோ ஷிங்கோ என்ற நிபுணர், நாலு மணி நேரம் பிடித்த ஓர் அச்சு மாற்றத்தை முதலில் ஒன்றரை மணியாகவும், பிறகு மூன்று நிமிஷமாகவும் குறைத்தார் என்பது தொழில் உலகில் பிரசித்தமான செய்தி. ஜப்பான் எங்கே, அம்பத்தூர் எங்கே என்று சிரிக்கவேண்டாம். தரத்துக்கு ஜப்பானியர் தரும் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாக 1998இல் பெற்ற சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாடியிலேதான் இருந்தது. அந்த வித்தையெல்லாம் பாடி மேம்பாலத்தைத் தாண்டிச் சிறு பட்டறைகளுக்குள் முழுமையாக வந்து சேரவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட சரக்கைப் பெட்டியில் போட்டு மூலையில் தள்ளுகிறார்களே, அந்தப் பெட்டியை ஒரு நாள் கொட்டி, எந்தக் காரணத்தால் எத்தனை உருப்படி என்று பிரித்து எண்ணிப் பார்க்கும் மாணவருக்குப் பட்டறையின் நோய் பாதி விளங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பட்டறைக்குள் நுழைந்த மூன்றாம் நாளே சீர்திருத்தம் செய்யப் புறப்படும் மாணவரை எந்த ஃபோர்மேனும் மதிக்கமாட்டார், மதிக்கவும் வேண்டியதில்லை. முதல் பத்து நாள் வாயைத் திறவாமல், ஒரு கம்பி உறுப்பாகி வெளியே போகும் வரை அதன் பின்னாலேயே நடப்பதுதான் பாடம். லேத்தில் நிற்பவர் பீஹார்க்காரராகவோ ஒடிஸாக்காரராகவோ இருப்பார். நம் பிள்ளை நிற்க மறுத்த இடத்தில் அவர் நிற்கிறார். அவரிடமிருந்து கற்க வெட்கப்படுகிறவருக்கு நிர்வாகக் கல்வி எதற்கு? குறிப்பேடு ஒன்று சட்டைப் பையில் இருக்கவேண்டும். அன்றன்று இரவில் கண்டதை எழுதவேண்டும். கடைசி வாரத்தில் எழுதப்படும் நாட்குறிப்பு நாவலுக்கு ஒப்பாகும்.

முதலாளிகளிடமும் நமக்குச் சில வார்த்தை உண்டு. கணக்கை வெளியாளுக்குக் காட்டுவதா என்று பலர் அஞ்சுகிறார்கள். விலையும் வாடிக்கைக்காரர் பெயரும் வெளியே போகாதென்று ஒரு பக்கத்தில் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொள்ளலாம். அறிக்கையில் பெயர்களை மறைத்து எழுதச் சொல்லலாம். காட்டவே முடியாத கணக்கு வைத்திருப்பவரைப் பற்றி நாம் பேசவில்லை. ஆனால் வந்த பிள்ளையைப் பாங்கிக்கும் தபாலாபீசுக்கும் நடக்கவிட்டு, எட்டாம் வாரத்தில் லெட்டர்ஹெட்டில் நற்சாட்சி அடித்துக் கொடுப்பது, கண்ணாடி மாளிகைக்காரர் செய்யும் அதே மோசடியைச் சிறிய அளவில் செய்வதாகும். ரயில் சீசன் டிக்கட்டும் மத்தியானச் சாப்பாடுமாவது கொடுக்கவேண்டும்.

கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவருக்குச் சட்டத்தில் உள்ள ஸ்தானம் மிகப் பலவீனமானது. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம், பதிவு செய்த ஒப்பந்தத்தோடு வேலை பழகுபவருக்கு உதவித்தொகை முதலிய உரிமைகளைத் தருகிறது. கலாசாலைக் கடிதத்தோடு எட்டு வாரத்துக்கு வருபவர் பொதுவாக அந்த ஒப்பந்தத்துக்குள் வருவதில்லை. ஆகையால் தேதி, வேலை நேரம், செய்யவேண்டிய காரியம், படி, மேற்பார்வையாளர் பெயர் ஆகியவற்றைக் கண்ட கடிதம் இல்லாமல் யாரும் உள்ளே காலெடுத்து வைக்கலாகாது. எந்திரம் ஓடும் இடமாதலால், ஒரு விபத்து இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கலாசாலையே எடுத்துக் கொடுக்கவேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது. வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் இயற்றிய சட்டம், சம்பளம் பெற்றாலும் பெறாவிட்டாலும், பயிற்சிக்கு வந்தவர்களையும் ஊழியர் என்றே கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையில் உட்குழு இராது. அங்கே புகாரை ஜில்லாவில் உள்ள உள்ளூர்க் குழு ஏற்கவேண்டும். வகுப்பில் பெண்கள் பெருந்தொகையினராக இருக்கும் இந்நாளில், பட்டறை பெண்களுக்கு ஏற்ற இடமன்று என்று சொல்லி அவர்களைத் தொலைபேசி முன் உட்காரவைக்கும் ஆசிரியர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை படிப்பது நலம்.

சர்க்கார் என்ன செய்கிறது? மத்திய சர்க்கார் 2024இல் பிரதமர் பெயரால் ஒரு பயிற்சித் திட்டத்தை அறிவித்தது. ஐந்து வருஷத்தில் ஒரு கோடி வாலிபருக்கு, நாட்டின் முதல் 500 கம்பெனிகளில், மாதம் 5,000 ரூபாய் உதவியோடு பயிற்சி என்றார்கள். தொடக்கத்தில் வகுத்த விதிகளிலேயே எம்.பி.ஏ. பெற்றவர்களுக்கு இடமில்லை என்று கண்டிருந்தது. அதைக் குறை சொல்லமாட்டோம். குறைந்த படிப்புள்ளவருக்கு முதலிடம் தருவது நியாயமே. நமது ஆக்ஷேபம் அந்த 500 என்ற எண்ணின் பேரில். பயிற்சி அளிக்கத் தகுந்தவர்கள் பெரிய கம்பெனிகளே என்ற எண்ணம் சர்க்காரையும் பிடித்திருக்கிறது. அம்பத்தூர்ப் பட்டறை அந்தக் கண்ணுக்குத் தெரியவேயில்லை. தமிழ்நாட்டு சர்க்கார் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர் திறமையை வளர்க்க முன்வந்தது நல்லதே. அதோடு ஒரு சிறு காரியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பேட்டைகளை நடத்தும் சிட்கோவும், அம்பத்தூர்த் தொழிலதிபர்களின் ஐமா சங்கமும், சுற்றியுள்ள கலாசாலைகளும் மாசி மாதத்தில் ஒருமுறை கூடி, எந்தப் பட்டறைக்கு என்ன கேள்விக்கு விடை வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். இரண்டு வருஷத்துக்கொருமுறை எந்திரக் கண்காட்சியை வெற்றியோடு நடத்தும் ஐமாவுக்கு இது பெரிய சுமையாகாது.

அரசியல் ஊழியர்களான நமது நேயர்கள் இதில் செய்யவேண்டிய பங்கு உண்டு. கொரட்டூர் முதல் பட்டாபிராம் வரை ஒவ்வொரு வட்டத்திலும் பட்டறை முதலாளியையும் தெரிந்து, தொழிற்சங்கக் காரியதரிசியையும் தெரிந்து, படித்த பிள்ளையின் தகப்பனாரையும் தெரிந்தவர்கள் நீங்களே. சிபாரிசுக் கடிதம் கேட்டு வரும் பையனைப் பெரிய கம்பெனிக்குத் தள்ளிவிட்டுக் கைகழுவுவதற்குப் பதிலாக, அடுத்த தெருப் பட்டறைக்கு அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவைக்கலாம். தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

கலாசாலைகளுக்கு நாம் கூறுவது, பரீட்சை முறையை மாற்றுங்கள் என்பதே. எண்பது பக்க ஆங்கில அறிக்கையை யாரும் படிப்பதில்லை. பட்டறை முதலாளியோ கண்டிப்பாகப் படிக்கமாட்டார். அதற்குப் பதிலாகப் பத்துப் பக்கத்தில், தமிழில், என்ன பார்த்தேன், எவ்வளவு பணம் எங்கே நிற்கிறது, எந்த எந்திரம் எத்தனை மணி சும்மா இருந்தது, முதலாளி எதைச் செய்ய ஒப்புக்கொண்டார், எதை மறுத்தார், ஏன் மறுத்தார் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு பிரதி முதலாளியின் மேஜைக்குப் போகட்டும். வாய்மொழிப் பரீட்சை நடக்கும் நாளில் அவரையும் அழைத்து, மாணவரைக் கேள்வி கேட்கச் செய்யுங்கள். வர நேரமில்லை என்றால் டெலிபோனிலாவது கேட்கட்டும். மறுபடியும் அடுத்த சித்திரையில் இன்னொரு மாணவரை அனுப்புங்கள் என்று அவர் சொன்னால், அதற்கு எத்தனை மார்க் என்பதை ஆசிரியர்கள் தீர்மானிக்கலாம்.